கீழ்க்கடைவாய்ப் பல், வலப்பக்கம்

ஜூலை 9, இரவு 2.40
படுத்தால் தெறிக்கிறது, உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை. கிராம்பை வைத்து அழுத்தியதில் நாக்குதான் மரத்தது.

ஜூலை 10
சூடாக எதையும் வாய்க்குக் காட்ட முடியவில்லை. ஐஸ் தண்ணீரைக் கொப்பளிக்காமல் வைத்திருந்தால் அடங்குகிறது; விழுங்கிய மறு நிமிடம் பழைய கதை. ஆபீசுக்கும் பாட்டிலோடு போனேன்.

ஜூலை 12
வலியே இல்லை! சுத்தமாக இல்லை. காபியைச் சுடச்சுடக் குடித்தேன். திங்கட்கிழமைக்கு வாங்கியிருந்த அப்பாயின்ட்மென்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 17
கன்னம் வீங்கியிருக்கிறது. அந்தப் பல் மட்டும் மயிரிழை உயரம் வளர்ந்துவிட்ட மாதிரி, வாயை மூடினால் அதுதான் முதலில் இடிக்கிறது.

ஜூலை 18
எக்ஸ்ரேயில் வேர் நுனிக்குக் கீழே மிளகளவு கருநிழல். வலி நின்றது குணமாகி அல்லவாம், உள்ளே நரம்பு செத்துப்போய். பல்லுக்குள் இருப்பது கூழ் போன்ற சதை. சுற்றிலும் கெட்டிச் சுவர், வீங்க இடமில்லை. அந்த நெருக்கடியில்தான் அத்தனை ராத்திரி வலியும்.

"மாத்திரையில சரியாகாதா டாக்டர்?" "மாத்திரை ரத்தத்துல போகும். உங்க பல்லுக்குள்ள இப்ப ரத்த ஓட்டமே இல்லையே." சரி, பிடுங்கிவிடலாமா என்றேன். அம்மா பிடுங்கிக்கொண்டார், பக்கத்துப் பல் சாய்ந்து, மேல்பல் இறங்கி, இன்றும் ஒரு பக்கமாகத்தான் மெல்லுகிறார். "ஆறு வயசுல முளைச்ச பல்லுங்க இது, காப்பாத்திடலாம்" என்றார் டாக்டர்.

ஆறு வயதில். அப்படியானால் என்னோடு ஒன்றாம் வகுப்புக்கு வந்த பல்.

ஊசி போட்டும் சரியாக மரக்கவில்லை. சீழ் பிடித்த இடத்தில் மருந்து அவ்வளவாக ஏறாதாம். இரண்டாவது ஊசிக்குக் கீழுதடு இட்லியானது. பல்லைத் திறந்ததும் வந்த நாற்றத்தை எழுத மாட்டேன்.

ஜூலை 19
வீக்கம் வடிகிறது. ரசஞ்சோறு.

ஜூலை 21
அம்மாவிடம் சொல்லவில்லை. பல்லில் கைவைத்தால் கண் போய்விடும் என்பார். அவர் பயப்படுவது மேல்பல்லுக்கு, என்னுடையது கீழ்ப்பல். சொன்னாலும் எடுபடாது.

ஜூலை 25
வாயை மூடி ரப்பர் விரிப்பு, அதில் ஒரு ஓட்டை, ஓட்டையில் என் பல். முன்வேரில் இரண்டு கால்வாய், பின்வேரில் ஒன்று. தலைமயிர் போன்ற அரங்கள்: வெள்ளைப் பிடி, மஞ்சள், சிவப்பு என்று தடிமன் கூடிக்கொண்டே போகிறது. வேர் நுனி நெருங்கும்போது ஒரு கருவி கூவுகிறது. கழுவுகிற திரவத்தில் பிளீச்சிங் நெடி, அதே சாமான்தானாம். கடைசியில் உள்ளே வைத்தது கால்சியம் ஹைட்ராக்சைடு. பேரைத் தேடினால் சுண்ணாம்பு! பாட்டி கட்டைவிரலால் வெற்றிலையில் தடவியது.

ஜூலை 28
ஒன்றாம் வகுப்பு போட்டோவில் வாயை இறுக மூடிக்கொண்டு நிற்கிறேன்.

ஆகஸ்ட் 2
கால்வாய்களை அடைத்தாயிற்று. கட்டாபெர்ச்சா, ஏதோ மரத்துப் பாலாம், இளஞ்சிவப்புக் குச்சிகள். மேலே தற்காலிக சிமென்ட். கேப் போடும்வரை அந்தப் பக்கம் கடிக்கக் கூடாது, குடைந்த பல் பிளந்துவிடுமாம். நாக்கு ஓயாமல் அங்கேயே போய்த் தடவுகிறது.

ஆகஸ்ட் 5
சிமென்டில் ஒரு துண்டு இட்லியோடு வந்துவிட்டது. கிளினிக் பதினொரு மணிக்குத்தான் திறக்கும். அதற்குள் அம்மா போன், "பல்லு எப்படி இருக்கு?" என்று. யார் சொன்னது?