பெட்ரோல் பிக்கப்பை மின்வண்டியாக மாற்றியதும் இறக்கத்தில் கண்ட குறைகளும்

ஏற்காடு மலையில் நாகலூர்ப் பக்கம் எங்களுக்குள்ள சிறிய காப்பித் தோட்டத்தில், ஓடைக்கரையிலிருந்து மேலே உள்ள களத்துக்குப் பழ மூட்டைகளை ஏற்றி வந்த பெட்ரோல் பிக்கப்பின் இன்ஜின் சென்ற அறுவடையின்போது பழுதாகிவிட்டது. அதைச் சரிசெய்வதற்குப் பதில் மின்வண்டியாக மாற்றினேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இத்தகைய மாற்றத்துக்குக் கட்டுப்பாடு விதிப்பதால், இது தோட்டத்துப் பாதையில் மட்டுமே ஓடுகிறது.

பழைய கியர் பெட்டியை அப்படியே வைத்துக்கொண்டு, கிளட்ச் தட்டின் நடுப்பகுதியை வெட்டியெடுத்து மோட்டார் தண்டுடன் கப்ளிங்காக இணைத்தேன். இரண்டுக்கும் இடையிலான அலுமினியத் தட்டைச் சேலம் சூரமங்கலத்தில் ஒரு லேத் பட்டறையில் கடைந்தோம். முதல் தட்டில் மையம் 0.2 மி.மீ. விலகியிருந்ததால் வண்டி அதிர்ந்தது. பட்டறை அண்ணன் முகம் சுளிக்காமல் டயல் கேஜ் வைத்து மறுபடி கடைந்து, விலகலை 0.05 மி.மீ.க்குள் கொண்டுவந்த பிறகு சத்தம் அடங்கியது. மின்கலமாக 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்கள் 24ஐ வரிசையாக இணைத்தேன், மொத்தம் 76.8 வோல்ட்.

ஏற்றம்தான் என் கவலையாக இருந்தது. வண்டியும் பாரமும் சேர்ந்து 1,300 கிலோ எடையுடன் 140 மீட்டர் உயரம் ஏற, கணக்குப்படி அரை யூனிட் மின்சாரம் வேண்டும். பாதையின் உராய்வும் மோட்டாரின் இழப்பும் சேர்ந்து மீட்டர் 0.76 யூனிட் காட்டியது. இரண்டாம் கியரில் திணறாமல் ஏறியது.

நான் போதிய அளவு யோசிக்காமல் விட்டது இறக்கத்தை. பெட்ரோல் இன்ஜின் காற்றை இழுக்கும்போது உண்டாகும் வெற்றிடமே, பெடலை எளிதாக மிதிக்க வைக்கும் பிரேக் பூஸ்டருக்கு உதவி வந்தது. இன்ஜினைக் கழற்றியதும் அந்த உதவி போய், பெடல் கல்லைப் போல இறுகிவிட்டது. 12 வோல்ட் வெற்றிட பம்பும், ஒரு சிறிய சேமிப்புக் கலனும், வெற்றிடம் குறைந்தால் ஒலிக்கும் மணியும் பொருத்தினேன். பெரிய மின்கலம் துண்டிக்கப்பட்டாலும் பம்ப் நிற்காமல் இருக்க, பழைய 12 வோல்ட் பேட்டரியை எடுக்காமல் வைத்திருக்கிறேன். இதை யாரும் தவிர்க்கக் கூடாது என்பது என் கருத்து.

அடுத்தது, இறங்கும்போது மோட்டாரே மின்சாரம் ஆக்கி வண்டியைத் தடுக்கும் வசதி. முதல் நாள் களத்தில் முழுக்க சார்ஜ் ஏற்றி இறங்கினேன். நிரம்பிய செல்கள் மேலும் மின்சாரத்தை ஏற்காது என்பதால், இரண்டாம் வளைவில் பி.எம்.எஸ். (மின்கலத்தைக் கண்காணித்துக் காக்கும் மின்னணுக் கருவி) அந்தத் தடுப்பை நிறுத்தியது. வண்டியைப் பின்னாலிருந்து பிடித்திருந்த கை சட்டென்று விட்டதுபோல் இருந்தது. பிரேக் பிடித்ததால் ஒன்றும் ஆகவில்லை. வண்டி வெறுமையாக இறங்கிப் பாரத்துடன் ஏறுவதால், இப்போது களத்தில் 85 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏற்றுவதில்லை.

மூன்றாவது குறையை அப்பாதான் கண்டுபிடித்தார். முன்பு சரிவில் நிறுத்தினால் முதல் கியரில் போட்டு விடுவோம். இன்ஜினின் அமுக்கம் வண்டியைப் பிடித்துக்கொள்ளும். மின்சாரம் நிறுத்திய மோட்டார் அப்படிப் பிடிக்காது. கைப்பிரேக் கேபிளைப் புதிதாக மாற்றி, பின்சக்கரங்களுக்கு இரண்டு மரக்கட்டைகளைச் சங்கிலியில் கோத்து வண்டியிலேயே தொங்கவிட்டிருக்கிறோம். இனி முழு பாரத்துடன் ஓடைக்கரைச் சரிவில் ஒரு மணி நேரம் நிறுத்திப் பார்க்க வேண்டும்.