கார் இருக்கும் இடம் தெரியும், கார்தான் இல்லை

கனடாவில், டொரன்டோவை அடுத்த மிசிசாகாவில் ஒரு ஜனவரி மாதக் காலை. வேலைக்குக் கிளம்பிக் கதவைத் திறந்தால் டிரைவ்வே முழுக்க வெள்ளையாகப் பனி. நடுவில் மட்டும் கார் அளவுக்குக் கறுப்பாகத் தார் தெரிகிறது.

"டோ பண்ணிட்டாங்களோ?" என்றாள் மனைவி. சொந்த வீட்டு வாசலில் வந்து யார் காரை இழுத்துப் போவார்கள்? காலிங் பெல் கேமராவைப் பார்த்தோம்.

நடுராத்திரியில் இரண்டு பேர். ஒருவன் காரின் கதவருகே நிற்கிறான், இன்னொருவன் பெட்டி மாதிரி எதையோ தூக்கிக்கொண்டு எங்கள் வாசற்கதவை ஒட்டி மெதுவாக நடக்கிறான். கார் அனுப்பும் அழைப்பை அந்தப் பெட்டி வாங்கி வீட்டுக்குள் இருக்கும் ரிமோட் சாவிவரை கொண்டுபோகிறது. சாவி பதில் சொல்கிறது. முதலாளி பக்கத்தில்தான் நிற்கிறார் என்று நம்பி கார் கதவைத் திறந்துவிடுகிறது. கண்ணாடி உடையவில்லை, அலாரம் அடிக்கவில்லை. வழியில் நின்ற குப்பைத்தொட்டியை ஒருவன் தள்ளி வைத்தான். கார் ரோட்டுக்குப் போனதும் திரும்பி வந்து, தொட்டியைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டுப் போனான்.

"நல்லா வளர்த்திருக்காங்க," என்றார் மாமியார். விசிட்டர் விசாவில் வந்தவர். இந்த ஊரைப் பற்றி அவர் மனம் திறந்து பாராட்டியது அதுதான் முதல் தடவை.

போலீசுக்கு போன் செய்தேன். எதிர்முனையில் ஒரு பெண், தங்கமான குரல். கார் லோனில் தவணை பாக்கி இருக்கிறதா, உறவினர் யாராவது எடுத்துப் போயிருப்பார்களா என்றெல்லாம் கேட்டுவிட்டு, காரின் அடையாள எண்ணான வின் நம்பரை வாசிக்கச் சொன்னார். பதினேழு எழுத்து. இடையில் ஒரு 'ஓ' வந்தது. "வின் நம்பரில் ஓ கிடையாது சார், அது சைபர்," என்றார். ஐ, ஓ, கியூ மூன்றையும் குழப்பம் வரக்கூடாது என்று விட்டுவிட்டார்களாம். கார் கிடைக்குமா என்று கேட்டேன். ஒரு புகார் எண் கொடுத்தார்.

"எங்கள் காரில் ஏர்டேக் இருக்கிறது, கார் எங்கே என்று இப்போதே தெரியும்," என்றேன். மால் பார்க்கிங்கில் காரை எங்கே விட்டோம் என்று தேடி மனைவிக்கு அலுத்துப்போய், இருக்கும் இடத்தைப் போனில் காட்டும் அந்தச் சின்ன வில்லை ஒன்றைக் குழந்தை சீட்டுக்கு அடியில் செருகி வைத்திருந்தாள். "அருமை! அந்த முகவரியைச் சொல்லுங்கள், புகாரில் சேர்க்கிறேன். தயவுசெய்து நீங்களாகப் போகாதீர்கள்," என்றார்.

போனில் அந்தப் புள்ளி ஸ்கார்பரோவில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின்மேல் உட்கார்ந்திருந்தது. திருடிய காரை உடனே வெளிநாட்டுக்குக் கப்பலேற்ற மாட்டார்களாம். உள்ளே டிராக்கர் இருந்து யாராவது தேடி வருகிறார்களா என்று பார்க்க, எங்காவது நிறுத்திவிட்டு ஓரிரு நாள் காத்திருப்பார்களாம். அதாவது நாங்கள் வருகிறோமா என்று அவர்கள் பார்க்கிறார்கள், போலீஸ் போகிறதா என்று நாங்கள் பார்க்கிறோம். சாயங்காலம்வரை யாரும் எங்கேயும் போகவில்லை.

மச்சினனுக்கு இது பொறுக்கவில்லை. ஹாக்கி மட்டையோடு வந்து நின்றான், கூட ஒரு நண்பன். "சும்மா அந்தப் பக்கமா போயிட்டு வரலாம் அத்தான்" என்றான். மட்டையை வீட்டில் வைக்கச் சொல்லிவிட்டு நானும் ஏறினேன்.

ஏர்டேக்குக்குச் சொந்தமாக ஜிபிஎஸ் கிடையாது. பக்கத்தில் போகிற யாருடைய ஐபோனாவது அதைக் கண்டால்தான் நமக்குச் செய்தி வரும். நிலவறை பார்க்கிங்கில் அது என்றைக்கு வருவது? ஒரு கார் வெளியே வரும்போது கேட் திறந்த இடைவெளியில் நாங்கள் மூவரும் உள்ளே நழுவினோம். மூன்று பேருக்கும் முட்டிவரை கறுப்புக் கோட்டு, தலையை மூடிய தொப்பி. போன் டார்ச்சை அடித்துக்கொண்டு ஒவ்வொரு காராக எட்டிப் பார்த்தோம். மூன்றாவது தளத்தை முடிப்பதற்குள் போலீஸ் வந்துவிட்டது. காலையிலிருந்து என் காருக்காக வராத போலீஸ், அந்தக் கட்டடத்து செக்யூரிட்டி கூப்பிட்ட சில நிமிடங்களில், எங்களுக்காக வந்தது.

"இங்கே என்ன செய்கிறீர்கள்?"

"கார் தேடுகிறோம்."

"யாருடைய காரை?"

நல்ல கேள்விதான். புகார் எண்ணைச் சொன்னேன். மறந்திருந்தால் அன்று ராத்திரி எங்கே படுத்திருப்போமோ தெரியாது. சரிபார்த்ததும் அதிகாரி சிரித்துவிட்டார், வந்தது வந்தோம் என்று எங்களோடு சேர்ந்து தேடவும் செய்தார். காரைக் காணோம். ஒரு தூணின் விளிம்பில் எங்கள் ஏர்டேக் மட்டும் இருந்தது. முன்பின் தெரியாத ஏர்டேக் கூடவே பயணம் செய்தால், அந்த ஆளின் போனுக்கே எச்சரிக்கை போய்விடும். யாரும் யாரையும் ரகசியமாகப் பின்தொடரக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு ஏற்பாடு அது. திருடன் பாதுகாக்கப்பட்டான்.

அப்புறம் இன்சூரன்ஸ். முதலில் கேட்டது இரண்டு சாவிகளையும். கொடுத்தேன். சாவி பத்திரமாக இருக்கிறது, கார்தான் இல்லை என்பதே எனக்குச் சாதகமான சாட்சி என்றார்கள். 2024-ல் எட்டோபிகோவில் நடந்த ஒரு கூட்டத்தில், திருடர்கள் சாவிக்காக வீட்டுக்குள் புகாமல் இருக்க வாசற்கதவு அருகிலேயே சாவியை வைத்துவிடுங்கள் என்று ஒரு போலீஸ் அதிகாரி யோசனை சொன்னது ஊரெல்லாம் சிரிப்பாகிவிட்டது. கனடாவின் நீதி அமைச்சருக்குக் கொடுத்த அரசு காரே மூன்று முறை களவு போயிருக்கிறது. அமைச்சருக்கு மூன்று முறையும் கிடைத்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும்.

எங்களுக்குக் கிடைத்தது டோல் பில். இங்கே ஒரு நெடுஞ்சாலையில் கேமரா நம்பர் பிளேட்டைப் படம் பிடித்து, வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவர் வீட்டுக்குப் பில் அனுப்பும். திருடன் எந்த வழியில் ஏறினான், எங்கே இறங்கினான், மணி என்ன, எல்லாம் அச்சடித்து வந்தது. அந்த நேரத்திலும் டிராஃபிக்கைத் தவிர்க்கக் காசு கட்டும் ரோட்டில் போயிருக்கிறான், என் காசுதானே. பில்லை போலீசுக்கு அனுப்பினேன், புகாரில் சேர்த்துக்கொண்டார்கள். டோல்காரர்களிடம் புகார் எண்ணைச் சொல்லிக் கெஞ்சியதில் தொகை ரத்தானது.

செக் வந்து, கையெழுத்துப் போட்டு, வேறு காரும் வாங்கியபின் இன்சூரன்சிலிருந்து போன். மான்ட்ரியல் துறைமுகத்தில் ஒரு கன்டெய்னருக்குள் எங்கள் கார் கிடைத்துவிட்டதாம். அந்தத் துறைமுகத்தில் 2023 டிசம்பரிலிருந்து 2024 மார்ச்வரை மட்டுமே சுமார் 400 கன்டெய்னர்களைச் சோதித்து 598 திருட்டு வண்டிகளைப் பிடித்தார்கள் என்று படித்திருக்கிறேன். அப்படியொரு ஊர்வலத்தில் நம் வண்டியும் இருந்தது என்றால் சந்தோஷம் வராதா?

"எப்போது வந்து எடுத்துக்கொள்ளலாம்?" என்றேன்.

"அது இப்போது எங்கள் கார் சார்."

சரிதான், பணம் வாங்கியாயிற்று. உள்ளே இருக்கும் சாமான்களை மட்டும் அனுப்புவார்களாம். ஈமெயிலில் பட்டியல் வந்தது: குழந்தை சீட், குடை, பனி துடைக்கும் பிரஷ். மனைவி இரண்டு தரம் படித்துவிட்டு, "பிள்ளையார் எங்கே?" என்றாள். டாஷ்போர்டில் மாமியார் ஒட்டியது. கடல் தாண்டி வந்த சிலை, பசையும் அங்கிருந்தே வந்தது. மறுபடி போன் செய்தேன். அந்த மனிதர் காரின் படங்களைப் பார்த்துவிட்டு, "யானை பொம்மையா? அதைப் பிய்த்தால் டாஷ்போர்டு போய்விடும் சார், வண்டியோடுதான் ஏலத்துக்குப் போகும்," என்றார்.

"திருடனாலேயே எடுக்க முடியலை பாரு," என்று மாமியாருக்கு ஒரே பெருமை.

மச்சினன் இப்போது ராத்திரியானால் கார் ஏலத் தளங்களைத் திறந்து வைத்துக்கொண்டு, டாஷ்போர்டு படங்களாகப் பெரிதாக்கிப் பார்க்கிறான். ஹாக்கி மட்டை இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது, வந்து எடுத்துப் போகச் சொன்னால் காதில் விழாதது மாதிரி இருக்கிறான்.