486 போர்டில் மறுபடியும் 1999 டிசம்பர் 31

என் பழைய 486 கணினியின் போர்டில் செத்துக்கிடந்த கடிகாரம் ஓடிவிட்டது! மூன்று வாரமாக இராத்தூக்கத்தைக் கெடுத்த வேலை, நேற்று இரவு பலித்தது.

எல்லாம் ‘ஒய்2கே’ என்ற படத்தைப் பார்த்ததில் ஆரம்பித்தது. வருஷத்தை இரண்டு இலக்கத்தில் வைத்திருந்த கணினிகள் 2000-ஐ 1900 என்று எடுத்துக்கொள்ளும் கோளாறுக்குத்தான் அந்தப் பெயர். என்பிசி தொலைக்காட்சி அதை ஒளிபரப்பியது 1999 நவம்பர் 21. படத்தில் நள்ளிரவு பன்னிரண்டு அடித்ததும் ஊர்கள் இருண்டுபோகும், அணுமின் நிலையம் கெடும். 41 நாளில் நிஜப் புத்தாண்டே வந்துவிட்டது, படம் பழசாகிப்போனது. இந்த மாதிரிப் படங்கள் எனக்கு உயிர். சரி, அந்தக் கோளாறு என் 486-இல் நிஜமாக எப்படித் தெரியும் என்று பார்த்துவிட நினைத்தேன்.

மாட்டிக்கொண்டது, தேதியையும் நேரத்தையும் காக்கும் டல்லாஸ் டிஎஸ்12887 சிப்பில். கணினியை அணைத்தாலும் கடிகாரத்தை ஓட்டும் லித்தியம் செல் சிப்பின் பிசினுக்குள்ளேயே புதைந்திருக்கிறது, அது செத்துப் பல வருஷம். ‘புதுசு’ என்று ஆன்லைனில் ஒருவர் விற்ற இரண்டு சிப்பும் செத்த செல்லோடுதான் வந்தன, அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. அதன் அடுத்த வகையான டிஎஸ்12சி887 போட்டால் வேலை சுலபம், ஆனால் அது நூற்றாண்டையும் தானே மாற்றிக்கொள்ளும், அப்புறம் பார்க்க என்ன இருக்கிறது?

ஆகவே வெளியிலிருந்து புது செல் இணைக்கச் சிப்பையே குடைந்தேன். 16-ஆம், 20-ஆம் கால்கள் கீழே வராமல் மேலே மடங்கிச் செல்லுக்குப் போகின்றன. பக்கவாட்டில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி, உலோகம் மினுங்கியதும் நிறுத்திவிட வேண்டும். முதல் சிப்பில் அரை மில்லிமீட்டர் ஆழம் கூடிவிட்டது, அதோடு அது போயிற்று. இரண்டாவதில் டிரில்லை வைத்துவிட்டு ஊசி அரத்தால் மட்டும் தேய்த்தேன், இரண்டு மணி நேரம் ஆனது. பழைய செல்லுக்குப் போகும் இணைப்பை அறுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் புது செல்லின் சார்ஜை அது குடித்துவிடும். புது செல்லான சிஆர்2032 பொத்தான் பேட்டரியின் பிளஸ் 20-க்கு, மைனஸ் 16-க்கு.

டாஸ் என்ற பழைய இயங்குதளத்தில் 1999 டிசம்பர் 31, 23:58 வைத்துக் காத்திருந்தேன். நள்ளிரவு தாண்டியது, 01-01-2000 என்று சரியாகவே காட்டியது, எனக்குப் பெரிய ஏமாற்றம். அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். வெள்ளிக்கிழமை, 1980 ஜனவரி 4! சிப்புக்கு வருஷத்தின் கடைசி இரண்டு இலக்கம்தான் தெரியும், 19 என்பது தனியாக அப்படியே கிடக்கிறது, ஆக அது 1900 என்கிறது, 1980-க்கு முந்தைய தேதி டாஸுக்குப் பிடிபடாது. நள்ளிரவில் வெடித்த கோளாறு இல்லை இது, மறுநாள் காலை இயந்திரத்தைப் போடுகிறவர் கண்ணில் மட்டும் படுவது. இதை வைத்து ஒரு படம் எடுத்திருந்தால் எனக்கு இன்னும் பிடித்திருக்கும்.

அடுத்தது 2038 ஜனவரி 19, 32-பிட்டில் நேரத்தை விநாடிகளாக எண்ணும் கணினிகளில் அந்த எண்ணிக்கை நிரம்பிவிடும் நாள். பழைய 32-பிட் லினக்ஸ் ஒன்றை இதே போர்டில் ஏற்றி, உலகப் பொது நேரம் 03:14:07 தாண்டியதும் என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். செல் ஹோல்டர் இன்னும் ஒயரில் தொங்குகிறது, ஒட்டவே இல்லை, அதற்குள் ஃப்ளாப்பிகளைத் தேட ஆரம்பித்துவிட்டேன்.