குடும்பப் பேர் இல்லாதவன் சோங்சுவோ போன கதை

நான் பாங்காக்ல வேலைக்கு வந்து ஆறு வருஷம் ஆச்சு. 2024 மார்ச்ல இருந்து தாய்லாந்து பாஸ்போர்ட்டுக்கு சீனாவுல விசாவே வேண்டாம்னு ஆயிடுச்சு, அதுல இருந்து எங்க ஆபீஸ்ல வெள்ளிக்கிழமை சாயந்திரம் பையைத் தூக்கிட்டு குன்மிங் போறவங்க, திங்கக்கிழமை டீ பாக்கெட்டோட வந்து எனக்கும் ஒண்ணு நீட்டுறவங்கன்னு ஒரே கூத்து. எனக்கு இந்திய பாஸ்போர்ட், அதனால விசா எடுத்தே ஆகணும். அக்டோபர் 23 இங்க லீவு, கூட நாலு நாள் சேத்துக்கிட்டா ஒரு ட்ரிப் அடிச்சிடலாம்னு ஆகஸ்ட்லயே ஆரம்பிச்சேன். எல்லாரும் போற குயிலின் வேண்டாம், அதே குவாங்ஷி மாகாணத்துல வியட்நாம் எல்லையை ஒட்டி சோங்சுவோன்னு ஒரு ஊர் இருக்கு, அங்க போவோம்னு முடிவு பண்ணேன். பேரைச் சொன்னா சீனாக்காரங்களே ரெண்டு பேர் "அங்க எதுக்கு?"ன்னு கேட்டாங்க, கரும்பு விளையிற ஊர்னு மட்டும்தான் அவங்களுக்குத் தெரியும்.

விசா ஃபாரம் நீளமா இருந்துச்சு. அப்பா அம்மா விவரம், முன்னாடி பாத்த வேலை, போன வருஷங்கள்ல எந்தெந்த நாடு, எந்த நாள் எந்த ஊர்ல தங்குவ எல்லாம் கேட்டுச்சு, அதெல்லாம் பிரச்சினை இல்ல. பிரச்சினை முதல் கட்டம், குடும்பப் பேர். நமக்கு ஏதுங்க குடும்பப் பேர்? என் பாஸ்போர்ட்ல அந்த இடம் காலி, பேர் மட்டும் கொட்டை எழுத்துல இருக்கும், இனிஷியல் கூட கிடையாது. நம்ம ஆளுங்க நிறைய பேருக்கு இப்படித்தான் இருக்கும், ஃப்ளைட் டிக்கெட்லயே ஒரே பேரை ரெண்டு தடவ அடிச்சு அனுப்புவாங்க. ஃபாரத்துல இருக்கறதை இருக்கற மாதிரியே போட்டேன், கவுன்டர்ல இருந்த பொண்ணு பாஸ்போர்ட்டைப் பாத்துட்டு என்னைப் பாத்துட்டு மறுபடி பாஸ்போர்ட்டைப் பாத்துட்டு "அப்பா பேரைப் போடட்டுமா?"ன்னு கேட்டுச்சு. வேண்டாம்மா, பாஸ்போர்ட்ல என்ன இருக்கோ அதுவே போதும்னு கெஞ்சி கேட்டு வாங்கினேன். இதை ஏன் இவ்ளோ சொல்றேன்னா, விசா ஒட்டுறப்போ ஒரு பேரு, ரயில்ல ஒரு பேரு, ஹோட்டல்ல ஒரு பேருன்னு ஆச்சுன்னா அங்க போய் எந்த மெஷினும் நம்மளை நம்பாது.

எனக்கு அப்படித்தான் ஆச்சு, ரயில் டிக்கெட் ஆப்ல. அப்பா பேரையும் சேத்து முழுசா அடிச்சேன், வெரிஃபிகேஷன் ஃபெயில். பேரை ரெண்டு தடவ அடிச்சேன், ஃபெயில். மூணாவது நாள் ராத்திரிதான் புத்தி வந்துச்சு, பாஸ்போர்ட் பக்கத்துல கீழ அம்புக்குறியா போட்டு ரெண்டு வரி இருக்கு பாத்திருக்கீங்களா, மெஷின் படிக்கிறது அதைத்தான், அதுல எப்படி இருக்கோ அதே மாதிரி ஒத்தைப் பேரா அடிச்சேன், மறுநாள் காலைல பச்சை டிக் விழுந்திருந்துச்சு. அங்க பேப்பர் டிக்கெட்லாம் கிடையாது, பாஸ்போர்ட்தான் டிக்கெட், அதனால ஊர்லயே இதை முடிச்சிட்டுக் கிளம்புறது நல்லது. அங்க போன்லயே காசு குடுக்குற ஆப் அலிபேயும் அப்படித்தான், பாஸ்போர்ட் போட்டோ கொடுத்து கார்டை இணைச்சு எல்லாம் இங்கயே பண்ணிட்டேன். 200 யுவானுக்குள்ள குடுத்தா சர்வீஸ் சார்ஜ் இல்ல, அதைத் தாண்டினா 3 சதவீதம் புடிப்பாங்க. கூகுள் அங்க ஓடாது, ஆனா வெளிநாட்டு சிம்ல ரோமிங் போட்டா ஓடும், தாய்லாந்து சிம்லயே சமாளிச்சேன்.

பாங்காக்ல இருந்து குவாங்ஷி தலைநகர் நான்னிங்குக்கு நேரடி ஃப்ளைட், ரெண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல. இறங்கினதும் அடிச்ச காத்துல அக்டோபர்லயும் வேர்வை. ராத்திரி அங்க தங்கிட்டு காலைல ரயில் ஏறினேன். இந்த நான்னிங் சோங்சுவோ அதிவேக ரயில் பாதை 2022 டிசம்பர்லதான் திறந்தாங்க, ஒரு மணி நேரம் கூட ஆகல. ஸ்டேஷன் கேட்ல உள்ளூர்க்காரங்க ஐடி கார்டைத் தட்டிட்டுப் போயிட்டே இருப்பாங்க, நம்ம ஓரமா ஆள் நிக்கிற வரிசைக்குப் போகணும், அதுக்குப் பத்து நிமிஷம் முன்னாடியே போயிடுங்க. ஜன்னல் வழியா முதல்ல கரும்பு, அப்புறம் கரும்பு, அப்புறமும் கரும்புதான். சீனாவோட சர்க்கரைத் தலைநகர்னு இந்த ஊரைச் சொல்றாங்க, சும்மா இல்ல. அந்தக் கரும்புக் காட்டுக்கு நடுவுல திடீர் திடீர்னு ஒரு மலை எழும்பி நிக்கும், அடிவாரம்னு ஒண்ணு கிடையாது, தட்டுல கொழுக்கட்டை வச்ச மாதிரி நேரா தரையில இருந்து. எல்லாம் சுண்ணாம்புக்கல், லட்சக்கணக்கான வருஷமா மழைத்தண்ணி கரைச்சுக் கரைச்சு மிச்சம் விட்ட துண்டுகள்.

ஹோட்டல் கதைக்கு வரேன். ஊருக்குள்ள சின்ன ஹோட்டல், நான் பாத்த வரைக்கும் வெளிநாட்டுக்காரன் நான் மட்டும்தான். வெளியூர்க்காரங்க தங்கினா ஹோட்டல்காரங்க போலீஸ் சிஸ்டத்துல ஏத்தணும். ரிசப்ஷன்ல இருந்த பையன் குடும்பப் பேர் கட்டத்துல வந்து நின்னுட்டான். சிஸ்டம் காலியா விட மாட்டேங்குது, பையன் என்னைப் பாக்குறான், நான் அவனைப் பாக்குறேன், போன்ல மொழிபெயர்ப்பு ஆப்ல "எனக்குக் குடும்பப் பேர் இல்லை"ன்னு காட்டினா அது சீனத்துல என்ன சொல்லிச்சோ, பையன் முகம் பாவமா ஆயிடுச்சு. அநாதைன்னு நெனச்சிட்டான் போல. நாப்பது நிமிஷம் ஆச்சு. அவங்கம்மாதான் ஓனர், யாருக்கோ போன் போட்டு பேச ஆரம்பிச்சாங்க, என் பாஸ்போர்ட் நம்பரை ஒவ்வொண்ணா படிச்சாங்க, அப்பதான் எனக்குக் காது நிமிந்துச்சு. சாம், ஹா, செட், பெட், காவ். அது சீனம் இல்ல. எனக்குப் புரியுது!

தாய் மொழில மூணு, அஞ்சு, ஏழு, எட்டு, ஒம்போது, எல்லாம் அதேதான், கொஞ்சம் ராகம் மாத்தி. தாய் மொழின்னா தாய்லாந்து மொழி, நம்ம தாய்மொழி இல்ல, இந்தக் குழப்பம் ஆறு வருஷமா வீட்டுக்குப் போன் பண்றப்பல்லாம் இருக்கு. அந்தம்மா ஜுவாங். சீனாவுல ஹான் மக்களுக்கு அடுத்தபடியா பெரிய இனமே இவங்கதான், 2020 கணக்கெடுப்புல ஒன்றரைக் கோடிக்கும் மேல. இவங்க மொழியும் தாய்லாந்து மொழியும் ஒரே குடும்பம். படிச்சிட்டுத்தான் போனேன், ஆனா காதுல விழுறது வேற. நான் விரலை மடக்கி "சோங், சாம், சீ, ஹா"ன்னு சொன்னேன், அந்தம்மா போனைக் காதுல வச்சபடியே அப்படியே நின்னுட்டாங்க. அப்புறம் "கின் காவ்?"னு கேட்டாங்க, சோறு சாப்பிட்டியான்னு. பாங்காக்ல எங்க தெரு முனைல அக்கா கேக்குற அதே கேள்வி. இதுக்கு மேல எனக்கும் ஒண்ணும் புரியல அவங்களுக்கும் புரியல, முழுசா பேசிட முடியாது, பிரிஞ்சு ஆயிரம் வருஷத்துக்கு மேல ஆன சொந்தக்காரங்க, ஆனா பன்னிக்கு மூ, கோழிக்குக் காய், வயலுக்கு நா, காசுக்கு ஙென், இப்படி வார்த்தை வார்த்தையா ரெண்டு பேரும் சரிபாத்துக்கிட்டு இருந்தோம், பையன் அதுக்குள்ள குடும்பப் பேர் கட்டத்துல ஒரு புள்ளியை வச்சு சிஸ்டத்தை ஏமாத்திட்டான்.

பர்ஸ்ல 20 யுவான் நோட்டு இருந்தா பின்பக்கம் பாருங்க. குயிலின் பக்கத்து மலைகளும் ஆறும் படமா இருக்கும், மேல மங்கோலியம், திபெத்தியம், உய்குர் எழுத்துகளோட ஜுவாங்கும் இருக்கும், அது ரோமன் எழுத்துல. அதுல இருபதுக்கு ஙெய்சிப்னு போட்டிருக்கும். தாய்லாந்துல யீசிப். நம்ம ஊர்ல ஙப்போல் வளைன்னு ஒரே ஒரு இடத்துல வேலை பாக்குற எழுத்துக்கு இங்க காசு எண்ணுற வேலையே கிடைச்சிருக்கு. அந்த ரோமன் எழுத்து முறை 1957ல வந்துச்சு, 1982ல திருத்தினாங்க. வார்த்தை முடிவுல இசட், எக்ஸ், க்யூன்னு சம்பந்தமில்லாம நிக்கும், அதெல்லாம் உச்சரிக்க இல்ல, ராகத்தைக் காட்டுற குறி. இது தெரியாம முதல் நாள் ஒரு போர்டை வாசிச்சுப் பாத்து நாக்கு சுளுக்கிடுச்சு.

மறுநாள் மந்தி பாக்கப் போனேன். வெண்தலை மந்தின்னு ஒரு இனம், உலகத்துல இந்த சோங்சுவோ மலைகள்ல மட்டும்தான் இருக்கு, மொத்தமே ஆயிரத்துச் சொச்சம். உடம்பு கருப்பு, தலைல வெள்ளைக் குடுமி, குட்டி மட்டும் தங்கக் கலர். ராத்திரிக்குத் தூங்க செங்குத்தான பாறையில இருக்கற பொந்துகளுக்குப் போகும், சாயங்காலம் அஞ்சரைக்கு மேல அது ஏறுறதைப் பாக்கணும், கைப்பிடியே இல்லாத சுவர் அது, குட்டி வயித்துல தொங்கிட்டிருக்கு, அம்மா கவலையே படாம தாவுது, எனக்குக் கால் கூசுது. பெய்ஜிங் பல்கலைக்கழக பேராசிரியர் பான் வென்ஷி, அதுக்கு முன்னாடி பாண்டா ஆராய்ச்சில பேர் வாங்கினவர், 1996ல இங்க வந்து உக்காந்துட்டார். ஊர்க்காரங்க அடுப்புக்கு மலையில விறகு வெட்டுறதுதான் மந்திக்கு எமன்னு பாத்து, முதல்ல அவங்களுக்கு சாண எரிவாயு அடுப்பு கட்டிக் குடுத்திருக்கார். மந்தியைக் காப்பாத்த அடுப்புல இருந்து ஆரம்பிச்ச மனுஷன்.

இங்க இருக்கற சாய்ஞ்ச கோபுரத்தைப் பத்தி ஒரு வரி, ஆத்துக்கு நடுப்பாறையில 1621ல கட்டினது, போட்டோவுக்கு நல்லா இருக்கு, அவ்ளோதான்.

ஹுவாஷான் பாறை ஓவியம் அப்படி இல்ல. டிடி ஆப்ல வண்டி புடிச்சு நிங்மிங் போய், மிங் ஆத்துல படகு. ரெண்டு பக்கமும் மூங்கில், எருமை, அப்புறம் வளைவு திரும்பினதும் ஆத்துல கால் வச்சு நிக்கிற பெரிய பாறைச் சுவர், சுவர் முழுக்க செவப்பு ஆளுங்க. ஆயிரத்துத் தொள்ளாயிரம் உருவம் கிட்ட இருக்காம் இந்த ஒரு சுவர்ல மட்டும். எல்லாரும் ஒரே போஸ், கையை முட்டி மடக்கி மேல தூக்கி, காலையும் அகட்டி மடக்கி, தவளை மாதிரி. நடுவுல பெரியவன் ஒருத்தன், இடுப்புல கத்தி, கீழ நாய், பக்கத்துல வட்டமா வெண்கல முரசு. காவிக்கல்லை அரைச்சுப் பூசினது, கிமு 5ஆம் நூற்றாண்டுல இருந்து கிபி 2ஆம் நூற்றாண்டு வரைக்கும் தலைமுறை தலைமுறையா வரைஞ்சிருக்காங்க, ஜுவாங் மக்களோட மூதாதையரான லுவோயுவே ஆளுங்க. இந்த மாதிரி 38 இடம் சேத்து 2016ல உலகப் பாரம்பரியப் பட்டியல்ல போட்டாங்க. அவ்ளோ உயரத்துல எப்படி ஏறி வரைஞ்சான்னு படகுல எல்லாரும் அவங்கவங்க மொழில அதையேதான் கேட்டுக்கிட்டு இருந்தாங்கன்னு நெனக்கிறேன், எல்லாரும் கழுத்தை ஒடிச்சு மேல பாத்துக் கையைக் கையைக் காட்டினாங்க. தவளை இவங்களுக்கு மழையைக் கூப்பிடுற ஜீவன். மழைக்காகக் கழுதைக்குக் கல்யாணம் பண்ணி வைக்கிற ஊர்ல இருந்து போனவனுக்கு இதுல ஆச்சரியப்பட ஒண்ணும் இல்ல.

படகுத்துறைக்கு வெளிய ஒரு தள்ளுவண்டி. கண்ணாடி ஜாடில மாங்காய், பப்பாளிக்காய், முள்ளங்கி எல்லாம் புளிப்புத் தண்ணில ஊறுது, எடுத்து மிளகாத்தூள் தூவிக் குடுக்குறாங்க, சுவான்யேன்னு பேர். ஸ்கூல் வாசல் மாங்காய் பத்தைதான், வேற என்ன. காலைல சாப்பிட்டதும் அப்படித்தான், அரிசி மாவைத் தட்டுல மெலிசா ஊத்தி ஆவில வச்சு எடுக்குறாங்க, பாக்க எங்க பாட்டி ஊத்துற எலை வடாம் மாதிரியே, அதுக்குள்ள கறியை வச்சு பாய் சுருட்டுற மாதிரி சுருட்டிடுறாங்க. சைவம்னா "கறி வேண்டாம்"னு சீனத்துல எழுதி போன்ல வச்சுக்கங்க, ஆனா பன்னிக் கொழுப்பு எதுல இருக்கும்னு கேரண்டி கிடையாது.

கடைசி ரெண்டு நாள் தேதியான் அருவிக்கு. பஸ்ல போகலாம், ஆனா மாறி மாறி ஏறணும், நான் ஹோட்டல்கார அம்மாவோட சொந்தக்காரர் வண்டியைப் பேசிட்டேன், ரெண்டு நாளுக்கு 900 யுவான், தனியா போறவனுக்கு ஜாஸ்திதான். வழில மிங்ஷில ஒரு ராத்திரி, ஆறு, வயல், மலை. அருவி வியட்நாம் எல்லைலயே விழுது, மூணு அடுக்கு, அந்தப் பக்கத்தையும் சேத்தா 200 மீட்டருக்கு மேல அகலம். அதே தண்ணிக்கு வியட்நாம்ல பான் ஜியோக்னு பேர். பான்னா ஊர், தாய்லாந்துலயும் பான்தான், அந்தப் பக்கமும் ஜுவாங் ஆளுங்களோட சொந்தக்காரங்கதான் இருக்காங்க. மூங்கில் படகுல போனா எதிர்ல வியட்நாம் படகு வருது, ரெண்டுலயும் ஒரே ஆரஞ்சு ஜாக்கெட், ஒரே செல்ஃபி, நடுவுல கோடு எங்கன்னு தண்ணிக்குத் தெரியல. மேல நடந்து போனா 53ஆம் நம்பர் எல்லைக்கல் இருக்கு, சீனத்துலயும் பிரெஞ்சுலயும் செதுக்கினது, அங்க போட்டோவுக்குக் க்யூ.

திரும்பி வரப்ப செக்போஸ்ட். எல்லைப் பகுதிங்கறதால வண்டியை நிறுத்தி ஐடி பாக்குறாங்க, பாஸ்போர்ட்டை ஹோட்டல்ல வச்சிட்டுப் போயிடாதீங்க. இளைய போலீஸ்காரர், பக்கம் பக்கமா புரட்டினார், விசாவைப் பாத்தார், குடும்பப் பேர் இருக்க வேண்டிய இடத்துல விரலை வச்சார். எனக்கு வயித்தக் கலக்கிச்சு. டிரைவர் ஜுவாங்ல ஏதோ சொன்னார், ரெண்டு பேரும் சிரிச்சாங்க, பாஸ்போர்ட் திரும்பி வந்துச்சு. என்ன சொன்னார்னு கடைசி வரைக்கும் கேட்டுப் பாத்தேன், மொழிபெயர்ப்பு ஆப் "பேர் சின்னது, ஆள் பரவாயில்லை"ன்னு காட்டுச்சு.

கிளம்புற அன்னிக்கு ஹோட்டல்கார அம்மா போன்ல ஒரு போட்டோ காட்டினாங்க, ஒரே தட்டுல கருப்பு, மஞ்சள், செவப்பு, ஊதா, வெள்ளைன்னு அஞ்சு கலர் ஒட்டரிசிச் சோறு, எல்லாம் இலை, பூ ஊற வச்ச சாயம். அவங்க நாள்காட்டில மூணாம் மாசம் மூணாம் தேதி திருவிழா, குவாங்ஷிக்கே லீவு, பாட்டுப் போட்டி எல்லாம் நடக்குமாம். விரலை மடக்கி சாம், சாம்னு ரெண்டு தடவ சொன்னாங்க, அப்ப வான்னு. அது பெரும்பாலும் ஏப்ரல் வாக்குல விழும், இங்க தாய்லாந்து புத்தாண்டு சோங்கிரான் லீவோட சேத்துக்கலாம். எனக்குக் குடுத்தது ஒரு தடவ போற விசாதான், அதனால நேத்து மறுபடி ஃபாரத்தைத் திறந்தேன். முதல் கட்டம் அதேதான்.