நம்ம கடல் பொம்மைகள்

குரோஷாவில், அதாவது ஒற்றைக் கொக்கி ஊசியால் நூல் பின்னும் வேலையில், கடல் பொம்மை என்று தேடிப் பாருங்கள், நீலத் திமிங்கிலம், சிரிக்கும் ஆக்டோபஸ், ஆரஞ்சில் வெள்ளைப் பட்டை போட்ட மீன், இவைதான் திரும்பத் திரும்ப வரும். அழகுதான், நானும் நிறையப் போட்டிருக்கிறேன். ஆனால் நம் திருநெல்வேலிக் கடற்கரையில், உவரியிலும் இடிந்தகரையிலும் வள்ளம் கரையேறும்போது போய் நின்றால் கண்ணில் படுவது கணவாயும் திருக்கையும் நண்டும்தானே, நம் பிள்ளைகள் கையில் அதுதான் இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். அதுவும் கால், துடுப்பு, வால் எல்லாம் உள்ளபடி இருக்க வேண்டும்.

கணவாயையே எடுத்துக்கொள்வோம். அதற்கு எட்டுக் கை, அது போக இரை பிடிக்க நீளமாக இரண்டு. பொம்மைகளில் பெரும்பாலும் அந்த இரண்டும் காணாமல் போய்விடும். நான் 2.5 மில்லிமீட்டர் ஊசியில் காட்டன் நூல்தான் போடுவேன். நூலை வளையமாக்கித் தொடங்கும் மேஜிக் ரிங்கில் 6 கண்ணி, அடுத்த சுற்று 12, அப்புறம் 18 என்று ஏற்றிக்கொண்டே போய் உடம்பைச் சுருள் சுருளாக வளர்த்து, ஓரம் முழுக்க மெல்லிய துடுப்பு ஒன்றை ஓட விடுவேன். கணவாயின் கைக்குச் சங்கிலிக் கண்ணி போட்டுவிட்டுத் திரும்பி வரும்போது ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டிரண்டாகப் போட வேண்டும், அவ்வளவுதான், இழுத்துப் பிடிக்காமலே அது தானாகச் சுருண்டுகொள்ளும், முறுக்குப் பிழிந்த மாதிரி.

இப்படிக் கண்ணியைக் கூட்டிக்கொண்டே போனால் துணி சுருங்கி அலை அலையாக எழும்புவதற்குப் பின்னால் ஒரு பெரிய கணக்கு இருக்கிறது. தாய்னா தாய்மினா என்ற கணித ஆசிரியை 1997-இல் அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஹைபர்போலிக் தளத்தை, அதாவது ஓரத்துக்குப் போகப் போக விரிந்து நெளியும் பரப்பை, குரோஷாவில்தான் போட்டுக் காட்டினார். அதைப் பார்த்து மார்கரெட், கிறிஸ்டின் வெர்த்தைம் என்ற ஆஸ்திரேலியச் சகோதரிகள் 2005-இல் பவளப்பாறையையே நூலில் பின்ன ஆரம்பித்தார்கள். பவளமும் அந்த வடிவத்தில்தானே வளர்கிறது! நமக்குத் தூரத்து விஷயம் இல்லை இது, ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றி இருப்பது அதே பவளம்தான்.

திருக்கைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. மேலே சாம்பல், கீழே வெள்ளை, இரண்டு தட்டையான துண்டுகளை ஓரத்தில் சேர்த்துக் கொஞ்சமாகப் பஞ்சு வைத்தால் போதும். கண் மேல்பக்கம் இருக்கும், வாயும் ஐந்து ஜோடிச் செவுள் கீற்றும் வயிற்றுப் பக்கம். பிள்ளைகள் கையில் வாங்கியதும் முதலில் திருப்பித்தான் பார்க்கிறார்கள்.

ஆவுளியா, அதுதான் கடற்பசு, போட வேண்டும் என்று நினைத்தபோது உவரியில் வயதான மீனவர் ஒருவரிடம் போனில் ஒரு பொம்மைப் படத்தைக் காட்டினேன். பார்த்த உடனே, "எம்மா, வாலு இப்பிடி நிக்காது, படுத்துல்லா இருக்கும்" என்றார். மீன் வால் நிமிர்ந்து நிற்கும், பக்கவாட்டில் ஆடும். ஆவுளியா பால் கொடுக்கிற உயிர், அதன் வால் திமிங்கிலத்துக்கு மாதிரி படுத்துக்கிடக்கும், மேலும் கீழும் அடிக்கும். கடற்புல்லைத் தின்று வாழும் அந்தச் சாதுவுக்காகவே பாக் விரிகுடாவில் 2022-இல் 448 சதுர கிலோமீட்டரைக் காப்பகமாக அறிவித்தார்கள். அதை இங்கே ஒரு குழந்தை கட்டிப்பிடித்துத் தூங்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

விலை கேட்டுவிட்டு "இவ்வளவா?" என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஸ்வெட்டர் பின்ன மிஷின் உண்டு, குரோஷாவுக்கு இல்லை. கடையில் தொங்கும் மலிவான குரோஷா பொம்மையும் எங்கேயோ ஒருத்தி உட்கார்ந்து கையால் போட்டதுதான், அவளுக்கு என்ன கூலி கிடைத்திருக்கும் என்று யோசியுங்கள். இடையன்குடியில் பிஷப் கால்டுவெல்லின் மனைவி எலைசா கால்டுவெல் பெண்களுக்கு லேஸ் கற்றுக்கொடுத்த மண் இது. அது திண்டில் பின்னுகிற வேறு வேலை, இருந்தாலும் நூல் வேலைக்குக் கூலி கொடுத்துப் பழகிய ஊர்தானே நம்முடையது?

மூன்று வயதுக்குள் உள்ள பிள்ளைக்கு என்றால் பிளாஸ்டிக் கண் வேண்டாம், பிய்ந்தால் வாயில் போட்டுவிடும், கறுப்பு நூலில் தைத்துவிடுங்கள். இலவம்பஞ்சும் வேண்டாம், துவைத்தால் கட்டி கட்டியாகிவிடும், ஃபைபர் பஞ்சு வையுங்கள்.

அடுத்து கடல்குதிரை. அதில் ஆண்தான் முட்டையை வயிற்றுப் பையில் சுமக்கும், அந்தப் பை திறந்து மூடுகிற மாதிரி வர வேண்டும், உள்ளே குட்டிக் குட்டியாக நாலைந்து குஞ்சு. பையின் வாய் தொங்காமல் நிற்க என்ன தையல் போடலாம், குரோஷா போடுகிறவர்கள் சொல்லுங்களேன்.