என் முதல் கிட்டாரும் நாலு மில்லிமீட்டரும்

முதல் கிட்டார் எனக்குச் சும்மா கிடைத்தது. சொந்தக்காரர் வீட்டில் அலமாரி மேல் பல வருடம் கிடந்த அகூஸ்டிக் கிட்டார். "யாரும் தொடுறதில்ல, நீ எடுத்துட்டுப் போ" என்றார். துடைத்து, புதுக் கம்பி மாட்டி, அன்றே ஆரம்பித்துவிட்டேன்.

மூன்று மாதம் விடாமல் உட்கார்ந்தேன். விரல் நுனி வலித்தது. காய்ப்பு வந்தால் சரியாகிவிடும் என்றார்கள், காய்ப்பும் வந்தது. ஆனால் சி கார்ட் வரவில்லை. (கார்ட் என்றால் சில கம்பிகளை ஒரே நேரத்தில் அழுத்தி, ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிக்க வைப்பது.) ஐந்தாம் கம்பியில் மூன்றாம் மெட்டு, நான்காம் கம்பியில் இரண்டாம் மெட்டு, இரண்டாம் கம்பியில் முதல் மெட்டு, அவ்வளவுதான். (வீணையில் மெட்டு என்பதைத்தான் கிட்டாரில் ஃப்ரெட் என்கிறார்கள். எனக்கு மெட்டு என்று சொல்வதுதான் பிடிக்கும்.) இரண்டாம் கம்பியைப் பலம் கொண்ட மட்டும் அழுத்தினால் விரல் சாய்ந்து முதல் கம்பியில் படும், அது ஊமையாகிவிடும். விரலை நிமிர்த்தினால் இரண்டாம் கம்பி சரியாக அழுந்தாமல் இரையும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாகிவிடக் கூடாதே என்று கிட்டாரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. குறை என் விரலில்தான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

நன்றாக வாசிக்கும் நண்பர் ஒருவர் ஒருநாள் வந்தார். கிட்டாரை வாங்கி அரை நிமிடம் வாசித்தார், கீழே வைத்தார், "ஸ்கேல் இருக்கா?" என்று கேட்டார். பன்னிரண்டாம் மெட்டின் மேல் ஸ்கேலை நிறுத்தி, தடித்த ஆறாம் கம்பியின் அடிப்பக்கம் வரை அளந்தார். நாலு மில்லிமீட்டருக்கும் மேல். இரும்புக் கம்பி கிட்டாருக்கு அந்த இடத்தில் இரண்டிலிருந்து இரண்டரை வரை இருந்தால் சுகம், மூன்றைத் தாண்டினால் பழகிய கைக்கே பாரம் என்றார். கூடம் நிஜமாகவே கோணலாகத்தான் இருந்திருக்கிறது. அந்த மூன்று மாதத்தை நினைத்தால் இன்றும் மனசு வலிக்கிறது. அளந்து பார்க்க ஆள் இல்லாமல், தனக்கு இசை வராது என்று நம்பிக் கிட்டாரை ஓரங்கட்டியவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்! இதை எழுதுவதே அவர்களுக்காகத்தான்.

அந்தக் கிட்டாரைச் சரிசெய்ய வழி இல்லை. கழுத்து முன்பக்கம் வளைந்து நின்றுவிட்டது. உடம்பில் கம்பிகளைப் பிடித்து நிற்கும் கட்டைதான் பிரிட்ஜ். அதில் கம்பி உட்காரும் சேடில் என்ற வெள்ளைப் பட்டையைத் தேய்த்தால் கம்பி இறங்கும், ஆனால் அதிலும் தேய்க்க மிச்சம் இல்லை. சரி, வேறு வாங்கலாம், ஆனால் கையில் இருப்பதற்குள்தான்.

எலக்ட்ரிக் கம்பி விரலுக்கு இதம், ஆனால் கூடவே ஆம்ப்ளிஃபயரும் வேண்டும். இருக்கிற காசை இரண்டாகப் பிரித்தால் இரண்டுமே சுமாராகிவிடும் என்று விட்டேன். நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல் மெத்தென்று இருந்தது, ஆனால் அதன் கழுத்து அகலம். கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் நட் என்ற பட்டையில் சுமார் 52 மில்லிமீட்டர், இரும்புக் கம்பி கிட்டாரில் 43 போலத்தான். என் கை சின்னது, ஆசையும் பாடிக்கொண்டே கார்ட் போடுவதுதான், அதனால் இரும்புக் கம்பி. ஒன்று சொல்லிவிடுகிறேன்: கிளாசிக்கல் வாங்கி இரும்புக் கம்பி மாட்டிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இழுவை ஏறக்குறைய இரட்டிப்பாகும், பிரிட்ஜே பெயர்ந்து வந்துவிடலாம்.

மூன்று கிட்டார் பார்த்தேன். முதலாவது பார்க்க அவ்வளவு அழகு. கழுத்தின் ஓரமாக உள்ளங்கையை மேலும் கீழும் ஓட்டினேன், மெட்டுகளின் முனை தோலைப் பிறாண்டியது. மரம் காய்ந்தால் சுருங்கும், உலோகம் சுருங்காது, அதனால் முனை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். வைத்துவிட்டேன். இரண்டாவதில் கை வழுக்கிக்கொண்டு போனது. சுருதி சேர்த்துவிட்டு, பன்னிரண்டாம் மெட்டின் நேர் மேலே கம்பியை லேசாகத் தொட்டு மீட்டினேன், மணி போல ஒரு நாதம் வந்தது. அதே இடத்தில் அழுத்தி மீட்டினால் அதே சுருதி வரவேண்டும். ஆனால் சுருதி காட்டும் ட்யூனரின் முள் நன்றாகவே ஏறி நின்றது. அப்படி இருந்தால் கீழே சேர்த்த சுருதி மேலே போகப் போக விலகும். அதுவும் வேண்டாம்.

மூன்றாவது, ஒருவர் வாசித்து முடித்த பழையது. உடம்பு கொஞ்சம் சின்னது, முன்பக்கம் நிறையக் கீறல். மேல்பலகை ஒரே மரம் இல்லை, பிளைவுட் தான். ஒரே மரத்தில் நாதம் இன்னும் நிறைவாக இருக்கும் என்பது உண்மை, ஆனால் ஈரத்துக்கும் வறட்சிக்கும் பிளைவுட் அதிகம் தாங்கும். ஆரம்பத்துக்கு எனக்கு அது போதும். பிரிட்ஜின் பின்விளிம்பில் ஒரு காகிதத்தை நுழைக்கப் பார்த்தேன், எங்கேயும் நுழையவில்லை, அதாவது ஒட்டு விடவில்லை. பன்னிரண்டாம் மெட்டில் மூன்று மில்லிமீட்டர். சேடில் நன்றாக உயர்ந்து நின்றது, தேய்க்க இடம் இருக்கிறது. அப்புறம் ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு மெட்டாக அழுத்தி மீட்டிக்கொண்டே போனேன். அதற்கு வாசிக்கத் தெரிய வேண்டியதில்லை, காது இருந்தால் போதும். எந்த இடமும் இரையவில்லை. பேரம் பேசி வாங்கிவிட்டேன்.

காசு முழுவதையும் கிட்டாருக்கே கொட்டாமல் ஒரு பங்கை ஒதுக்கி வைத்திருந்தேன். நான் எடுத்த முடிவுகளிலேயே நல்ல முடிவு அதுதான். அந்தப் பங்கில் பழுது பார்ப்பவரிடம் கொடுத்து செட்டப், அதாவது கம்பி உயரத்தைச் சரிப்படுத்தும் வேலை, செய்தேன். அவர் சேடிலைக் கழற்றி, அடியில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, சமதளத்தில் ஒட்டிய உப்புத்தாளில் ஒரே சீராகத் தேய்த்தார். பன்னிரண்டாம் மெட்டு கம்பியின் சரிபாதியில் இருப்பதால், அங்கே அரை மில்லிமீட்டர் இறங்க சேடிலில் ஒரு மில்லிமீட்டர் தேய்க்கவேண்டும். பாதி தூரம் தேய்த்ததும் மாட்டிப் பார்த்தார், மறுபடி கழற்றித் தேய்த்தார். ரொம்ப இறக்கினால் கம்பி மெட்டில் பட்டு இரையும் என்பதால் அவசரமே படவில்லை. நட்டில் கம்பி உட்காரும் பள்ளங்களையும் சின்ன அரத்தால் துளி ஆழமாக்கினார். முதல் மெட்டு கல் மாதிரி இருந்ததற்கு நட்டின் உயரமும் ஒரு காரணமாம். மூன்றாம் மெட்டில் அழுத்திக்கொண்டு பார்த்தால், முதல் மெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே மயிரிழை இடைவெளிதான் இருக்கவேண்டும் என்று காட்டினார்.

11 கேஜ் என்ற சற்று மெல்லிய கம்பி மாட்டி, சுருதி சேர்த்து, என்னிடம் நீட்டினார். அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து சி கார்ட் பிடித்தேன். ஐந்தாம் கம்பியிலிருந்து ஒவ்வொன்றாக மெதுவாக இறக்கினேன். இரண்டாம் கம்பி இரையாமல் பேசியது. கடைசியில் முதல் கம்பி, மூன்று மாதமாக ஊமையாகவே இருந்தது, கணீரென்று ஒலித்து அடங்கும்வரை கையை எடுக்கவில்லை.