ஏஎம்சி நோட்டுக்கு என்ன விலை?

கடலூர், புதுச்சேரிப் பக்கம் ஆர்ஓ குடிநீர்க் கருவி ஃப்ரான்சைஸ் ஒன்று கைமாறும்போது விற்பவர் முதலில் எடுத்து வைப்பது ஏஎம்சி நோட்டைத்தான், அதாவது வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம் போட்ட வாடிக்கையாளர்களின் பட்டியலை. "300 ஏஎம்சி ஓடுது சார், வருஷா வருஷம் பணம் தானா வந்துடும்" என்பார். அதில் உண்மை இருக்கிறது. கருவி விற்பனை ஏறும், இறங்கும். பராமரிப்புப் பணம் அடைமழை மாதத்திலும் வரும். ஒரே அளவு லாபம் காட்டும் இரண்டு கடைகளில், ஏஎம்சி லாபம் அதிகமுள்ள கடை கூடுதல் விலைக்குப் போவது நியாயம்தான். ஆனால் அந்த 300 பேரில் எத்தனை பேர் மறுபடி பணம் கட்டினார்கள் என்று பார்க்காமல் விலை பேசக்கூடாது.

கடந்த 24 மாதத்தில் ஒப்பந்தம் முடிந்தவர்கள் பட்டியலை வாங்கி, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே புதுப்பித்தாரா, எந்தத் தேதியில் பணம் வந்தது என்று வங்கிக் கணக்கோடு ஒத்துப் பாருங்கள். வாரண்டி முடிந்து முதன்முறை காசு கேட்கும்போதுதான் ஆட்கள் அதிகம் கழன்றுகொள்வார்கள். மூன்றாவது முறை கட்டியவர் எளிதில் போகமாட்டார். புதுக் கருவியோடு இலவசமாகக் கொடுத்த முதல் வருடத்தையும் ஏஎம்சி என்று எழுதியிருந்தால் அதை அடித்துவிடுங்கள். விற்பதற்கு மூன்று, நான்கு மாதம் முன்பு தள்ளுபடியில் சேர்த்த கூட்டமும் மாதவாரியாகப் பிரித்தால் தெரிந்துவிடும்.

பலரும் கோட்டை விடுவது முன்பணத்தில். ஆளுக்கு ஜிஎஸ்டி தவிர 3,600 ரூபாய் என்றால் 300 பேருக்கு 10.8 லட்சம். அதை விற்பவர் வாங்கிச் செலவும் செய்திருப்பார். சராசரியாகப் பாதிக் காலம் பாக்கி என்றால், 5.4 லட்சத்துக்கான வேலையை வாங்குபவர்தான் செய்து கொடுக்க வேண்டும். உதிரி பாகம், டெக்னீஷியன் சம்பளம், பெட்ரோல் எல்லாம் சேர்ந்து 60 சதவீதம் பிடித்தால் 3.24 லட்சம் அவர் கையிலிருந்து போகும். இது கடன்தான். விலையில் கழித்தே ஆக வேண்டும்.

அந்தச் செலவும் வீட்டுக்கு வீடு மாறும். கடலோரத்தில் போர் தண்ணீரில் உப்பு ஏறியிருக்கும் தெருக்கள் உண்டு. குடிநீருக்கான ஐஎஸ் 10500 தரத்தில் டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு, தாதுக்களின் அளவு) லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி. 1,800 காட்டும் வீட்டில் உப்பை வடிகட்டும் மெம்பிரேன் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். மெம்பிரேனும் சேர்ந்த ஏஎம்சி என்றால், நகராட்சித் தண்ணீர் வரும் வீட்டில் லாபம் தரும் அதே 3,600 இங்கே நஷ்டம். அதனால் சர்வீஸ் கார்டில் டிடிஎஸ் அளவையும் கடைசியாக மெம்பிரேன் மாற்றிய தேதியையும் பாருங்கள். கார்டே இல்லாத கடைக்கு ஏஎம்சியை வைத்து ஒரு ரூபாய்கூடக் கூட்டிக் கொடுக்க வேண்டாம்.

அடுத்தது எல்லை. கடலூர்க் கடையின் நோட்டில் கன்னியக்கோயில், பாகூர் முகவரிகள் சகஜமாக இருக்கும். அவை புதுச்சேரி யூனியன் பிரதேசம். ஃப்ரான்சைஸ் ஒப்பந்தத்தில் கடலூர் மாவட்டம் மட்டும்தான் உங்கள் பகுதி என்று இருந்தால், அந்த வாடிக்கையாளர்களைப் புதுச்சேரிக் கடைக்காரர் கேட்டு வாங்கிக்கொள்ள முடியும். வாடிக்கையாளர் பட்டியல் கம்பெனிக்கா கடைக்கா, பெயர் மாற்றக் கட்டணம் எவ்வளவு, ஒப்பந்தத்தில் எத்தனை மாதம் பாக்கி என்பதையெல்லாம் கம்பெனியிடம் எழுத்தில் வாங்குங்கள். 14 மாதம்தான் பாக்கி, புதுப்பிக்க உத்தரவாதமும் இல்லை என்றால், ஏஎம்சி வருமானத்தை 14 மாதத்துக்கு மேல் கணக்கில் சேர்க்க முடியாது.

ஃபில்டர் மாற்ற வேண்டுமென்றால் வாடிக்கையாளர் யார் எண்ணுக்கு அழைக்கிறார் என்பதும் முக்கியம். டெக்னீஷியனின் சொந்தக் கைபேசிக்கு என்றால், அவர் விலகும் நாளில் பாதி நோட்டு அவரோடு போய்விடும். கடை எண், வாட்ஸ்ஆப் கணக்கு இரண்டையும் பெயர் மாற்றிய பிறகே முன்தொகை தாருங்கள். வங்கியிலிருந்து தானாகப் பணம் பிடிக்கும் ஏற்பாடு பழைய உரிமையாளர் கணக்கோடு கட்டியது. ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் புதிதாக ஒப்புதல் வாங்க வேண்டும், அப்போது சிலர் நின்றுவிடுவார்கள்.

இதற்கெல்லாம் சேர்த்து, விலையில் 70 சதவீதத்தைக் கைமாறும்போது கொடுத்துவிட்டு, மீதியை 12 மாதம் கழித்துப் புதுப்பித்தவர் எண்ணிக்கையைப் பார்த்துத் தருவதாக எழுதிக்கொள்ளலாம். நோட்டில் நம்பிக்கையுள்ள விற்பவர் இதற்குச் சம்மதிப்பார்.